இடிந்த ஊரில் யார் வீடு எங்கே இருந்தது?

போன மாதம் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கட்டடக்கலை படிக்கிற பிள்ளை. 2025 மார்ச் 28-ல் மியன்மாரை 7.7 அளவு நிலநடுக்கம் உலுக்கியதே, அதைப் பற்றிப் பாடத்துக்கு ஏதோ எழுத வேண்டுமாம். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "மாமா, மண்டலே மாதிரி ஒரு ஊரே இடிஞ்சா எப்படித் திரும்பக் கட்டுவாங்க? காசும் மெஷினும் இருந்தா ரெண்டு வருஷத்துல முடிச்சிட முடியாதா? ஏன் எல்லா ஊர்லயும் பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்னு இழுக்குது?"

அன்றைக்குச் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் பினாங்கில் கட்டுமான சைட்டுகளில் வேலை பார்த்தவன் நான். 2005-ல் ஒரு நிவாரணக் குழுவோடு போய், சுனாமி அடித்த இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் ஐந்து வாரம் இருந்தேன். அங்கே பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் நிலநடுக்கம் கண்ட ஊர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

கட்டுவதற்கு இரண்டு வருடம் போதும் என்று அவள் நினைப்பதில் தப்பே இல்லை. நம் பினாங்குக் கடலோரத்தில் நாற்பது மாடி கொண்டோ மூன்று, நான்கு வருடத்தில் எழும்பி நிற்கிறது. அங்கே மனை ஒருவருடையது, வரைபடம் ஒன்று, கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர். இடிந்த ஊரில் மனைக்குச் சொந்தக்காரர் பத்தாயிரம் பேர். அதில் இரண்டாயிரம் பேர் உயிரோடு இல்லை. பிள்ளைகள் யார், பத்திரம் எங்கே, மாடியில் வாடகைக்கு இருந்தவர் எங்கே போனார், சந்து எங்கே முடிந்து அடுத்தவர் சுவர் எங்கே ஆரம்பித்தது? இதற்குப் பதில் கிடைக்காமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. வருடங்கள் போவது பெரும்பாலும் இதில்தான்.

ஆச்சே நமக்கு அந்நியமான ஊர் இல்லை. ஜார்ஜ்டவுனில் லெபோ ஆச்சே என்று ஒரு தெருவே இருக்கிறது. ஆச்சேயிலிருந்து பினாங்கு ஆஸ்பத்திரிகளுக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். பண்டா ஆச்சேயில் பழனி ஆண்டவர் கோயில் ஒன்று உண்டு, அதைச் சுற்றி நம் ஆட்கள் கொஞ்சம் பேர். 2004 டிசம்பர் 26 காலை முதலில் பூமி ஆடியது, 9.1 அளவு. அப்புறம் கடல் வந்தது. பினாங்கில் 52 பேரை இழந்தோம். இந்தோனேசியாவில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 170,000 பேர்.

நான் போனபோது உலே லே கடலோரத்தில் வீடுகளே இல்லை. தரை மட்டும் இருந்தது. சுவர், கூரை, மரம் எல்லாம் போய், சிமெண்டுத் தளமும் அதில் பதித்த ஓடுகளும் மட்டும் வெயிலில் கிடந்தன. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். மலாயில் பேசிக்கொண்டோம். பச்சையும் வெள்ளையுமாகப் பூப்போட்ட ஓட்டின் மேல் நின்று, "இது என் கூடம்" என்றார். நாலு அடி நகர்ந்தார். ஓடு முடிந்து வெறும் சிமெண்டு ஆரம்பித்தது. "இது அடுப்படி. ஓடு வாங்கப் பணம் பத்தவில்லை, அடுத்த வருடம் போடலாம் என்றிருந்தேன்." பக்கத்துத் தளத்தில் சிவப்பு ஓடு. அது யாருடையது என்று கேட்டேன். அவர் அந்த வீட்டுக்காரர் பேரைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அந்த ஓடுகள்தான் அங்கே முதல் நில ஆவணம். நில அலுவலகத்துப் பதிவேடுகள் சேற்றில் ஊறிப் போயிருந்தன. அவற்றை உறையவைத்து ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய்ப் பக்குவமாக உலர்த்தி மீட்க வேண்டியிருந்தது. அது முடியும்வரை சும்மா இருக்க முடியாதே. ஒவ்வொரு கம்பத்திலும், அதாவது கிராமத்திலும், உயிர் பிழைத்தவர்கள் கூடி, கயிறும் டேப்பும் எடுத்துக்கொண்டு, "உன் எல்லை இது, என் எல்லை அது" என்று அக்கம்பக்கத்தாரின் ஒப்புதலோடு குச்சி நட்டார்கள். அந்த ஒப்புதலை வைத்துத்தான் பிறகு அரசாங்கம் முறையான உரிமைப் பத்திரம் கொடுத்தது. அப்பா, அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளின் பங்கைப் பார்க்க ஷரியா நீதிமன்றம் கம்பங்களுக்கே வந்தது.

அதே நேரத்தில் தலைநகரத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு யாரும் வீடு கட்டக் கூடாது, காலியாக விட வேண்டும் என்று. பாதுகாப்பு என்று பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மீனவன் படகை விட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளி என்ன செய்வான்? ஜனங்கள் அவரவர் தளத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தத் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. 2005 ஏப்ரலில் மறுசீரமைப்புக்கென்றே பி.ஆர்.ஆர். என்ற தனி அமைப்பை நான்கு வருடக் கெடு வைத்துத் தொடங்கினார்கள். குந்தோரோ மங்குசுப்ரோத்தோ தலைமை. கெடு முடிந்ததும் 2009-ல் அதைக் கலைத்தார்கள். அதற்குள் சுமார் 140,000 வீடுகள் எழும்பியிருந்தன. எல்லாம் நல்ல வீடு என்று சொல்ல மாட்டேன். 36 சதுர மீட்டர் வீடு, ஒரே அச்சு. குடியிருக்கப் போகிறவரைக் கேட்காமல் கட்டியவற்றில் சில பூட்டியே கிடந்தன. ஆனால் தன் மனையில் தானே நின்று கட்டிய வீட்டில் விளக்கெரிந்தது.

வேகமாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் லாகுய்லாவைப் பார்க்க வேண்டும். 2009 ஏப்ரல் 6-ல் நிலநடுக்கம், 309 பேர் இறந்தார்கள். ஆறு மாதம் ஆவதற்குள்ளேயே ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்புகளில் சாவி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மொத்தம் 19 இடங்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும் தாங்கிகளின் மேல் அமைத்த நல்ல கட்டடங்கள். பொறியாளராக எனக்கு அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஊரின் நடுப்பகுதி, மாதாகோயிலும் சந்தையும் காப்பிக்கடையும் இருந்த பழைய நகரம், முட்டுக்கொடுத்த சாரங்களோடு வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. 19 இடத்தில் 19 துண்டாக ஜனங்கள். மாலையில் சந்தித்துக்கொள்ள ஒரு சதுக்கம்கூட இல்லை. வீடு கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை.

ஜப்பானின் கோபேயும் இதை வேறு விதமாகக் கற்றுக்கொண்டது. 1995 ஜனவரி 17 அதிகாலை 5:46. இறந்தவர்கள் 6,434 பேர். வீடிழந்தவர்களுக்காக ஏறக்குறைய 48,000 தற்காலிக வீடுகளை ஏழே மாதத்தில் போட்டு முடித்தார்கள். யாருக்கு முதலில் கொடுப்பது? வயதானவர்களுக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் முன்னுரிமை, மற்றது குலுக்கல். கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் நடந்தது என்ன? எண்பது வயது அம்மாவுக்கு நாற்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு பக்கம், அந்த அம்மா இன்னொரு பக்கம், நகரத்துக்கு வெளியே, யாரையுமே தெரியாத வரிசையில். தற்காலிக வீடுகளில் யாருக்கும் தெரியாமல் தனியாக இறந்து கிடந்தவர்கள் மட்டும் இருநூறுக்கும் மேல். அந்தத் தனிமைச் சாவுக்கு ஜப்பானில் 'கொதொகுஷி' என்பார்கள். நிலநடுக்கம் கொல்லாமல் விட்டவர்களை, யார் எங்கே குடியிருப்பது என்று முடிவு செய்த அந்தக் குலுக்கல் கொன்றது என்றே நான் சொல்வேன்.

ஜப்பானியர்கள் அதை மறக்கவில்லை. 2004 அக்டோபரில் நீகாத்தாவில் நிலநடுக்கம் வந்தபோது, யாமகோஷி என்ற மலைக் கிராமத்தை முழுதாக வெளியேற்ற வேண்டியிருந்தது. இந்த முறை குலுக்கல் கிடையாது. ஒரே குடியிருப்புக்காரர்களைத் தற்காலிக வீடுகளிலும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். பழைய அக்கம்பக்கம் அப்படியே கூட வந்தது. இதற்குத் தனியாக ஒரு காசு செலவில்லை. யார் பக்கத்தில் யார் இருந்தார் என்ற பட்டியல் மட்டும் வேண்டும்.

கோபேயிலேயே நாகாத்தா வட்டாரத்தில் இரண்டு கதை உண்டு. சின்னச் சின்ன செருப்புப் பட்டறைகள் நிறைந்த பகுதி அது. நிலநடுக்கத்துக்குப் பிறகு தீ பிடித்துத் தெருத் தெருவாக எரிந்தது. அங்கே மானோ என்ற பேட்டையில் மட்டும், குடியிருப்பாளர்கள் வாளியில் தண்ணீர் கைமாற்றி, பக்கத்துத் தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவையும் சேர்த்துக்கொண்டு தீயை நிறுத்தினார்கள். அன்றைக்குக் காலையில் திடீரென்று ஒற்றுமை வந்துவிடவில்லை. 1960-களில் தொழிற்சாலைப் புகையை எதிர்த்துச் சேர்ந்த ஜனங்கள் அவர்கள். அதிலிருந்தே தங்கள் தெரு எப்படி இருக்க வேண்டும் என்று கூடிப் பேசி முடிவெடுத்து வந்தவர்கள். மறுகட்டுமானத்திலும் அவர்கள் பேச்சு எடுபட்டது. இன்னொரு கதை ஷின் நாகாத்தா ரயில் நிலையத்துத் தெற்குப் பக்கம். அங்கே மாநகரம் பெரிய மறுமேம்பாட்டுத் திட்டம் போட்டு, உயர்ந்த கட்டடங்களையும் நீண்ட கடைவளாகங்களையும் எழுப்பியது. திரும்பி வந்த சின்னக் கடைக்காரர்களால் அந்தப் பராமரிப்புச் செலவைத் தாங்க முடியவில்லை. ஷட்டர் மூடிய கடைகள் வரிசையாக நின்றன. இரண்டு இடத்துக்கும் நடந்தே போகலாம், அவ்வளவு பக்கம்.

இப்போது வாடகைக்காரர்கள் விஷயம். இதை நான் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன், ஏனென்றால் என் வீட்டிலேயே நடந்தது.

1985 செப்டம்பர் 19-ல் மெக்ஸிகோ நகரை 8.0 அளவு நிலநடுக்கம் தாக்கியது. நகரின் நடுவில் பழைய காலத்து வீடுகள், நடுவே முற்றம், சுற்றிலும் ஒற்றை அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பல இடங்களில் வாடகை மிகக் குறைவு. கட்டடம் விழுந்ததும் உரிமையாளர்கள் பலருக்கு அது வாய்ப்பாகத் தெரிந்திருக்கும்: குடியிருந்தவர் போகட்டும், நிலம் நமக்கு. ஜனங்கள் போக மாட்டோம் என்று தெருவில் தகரக் கொட்டகை போட்டு இருந்தார்கள், ஊர்வலம் போனார்கள். அரசாங்கம் அக்டோபரில் சில ஆயிரம் மனைகளைக் கையகப்படுத்தியது. அதே இடத்தில் சிறிய, உறுதியான வீடுகளைக் கட்டி, அங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்கே தவணையில் விற்றது. சுமார் இரண்டே வருடத்தில் ஏறக்குறைய 48,000 வீடுகள். "ரெண்டு வருஷத்துல முடியாதா" என்று கேட்டாளே, முடிந்த இடம் இது. யார் திரும்ப வருவார்கள் என்ற கேள்விக்கு முதல் மாதத்திலேயே பதில் சொன்னதால் முடிந்தது.

நம் ஜார்ஜ்டவுனுக்கும் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. போருக்கு முந்தைய கடைவீடுகளுக்கு 1966-ஆம் வருடச் சட்டம் ஒன்று. 1997-ல் அதை ரத்து செய்ய முடிவெடுத்தார்கள், 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு இல்லை. எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் கடைத்தெருப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே மாவு அரைக்கும் கடை. காலையில் மல்லி வறுக்கிற வாசம் படிக்கட்டு வழியாக மேலே ஏறி வரும். எதிர்ப்பக்கம் அஞ்சடி நடைபாதையில் பூக்கட்டுகிற பாட்டி. சாயங்காலம் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் மணி வீட்டுக்குள்ளேயே கேட்கும். கட்டுப்பாடு போனதும் வாடகை பல மடங்கு ஏறியது. கட்ட முடியவில்லை. ஆயர் ஈத்தாம் பிளாட்டுக்கு வந்துவிட்டோம். பாட்டி மகளோடு சுங்கை பட்டாணிக்குப் போனார். மாவுக்கடைக்காரர் கடையையே மூடினார். ஒரு சுவர்கூட விழவில்லை. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்ற பெருமையும் வந்தது, அது வேண்டிய பெருமைதான். நாங்கள் இருந்த வீடு இன்றைக்கு அழகாகச் சுண்ணாம்பு பூசிய ஹோட்டல். அந்தப் படிக்கட்டு அப்படியே இருக்கிறது. ஏறுகிறவர்கள்தான் வேறு.

அதனால்தான் இடிந்த ஊரைப் பற்றி யார் பேசினாலும், வாடகைக்காரர் பட்டியல் எங்கே என்று முதலில் கேட்கிறேன். சொந்தக்காரருக்கு கிராண்ட் என்கிற நிலப் பத்திரம் இருக்கிறது. வாடகைக்காரருக்குக் கரண்ட் பில்கூட அடுத்தவர் பேரில் இருக்கும்.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதும் ஒரு கலை. 2015 ஏப்ரல் 25-ல் நேப்பாளத்தில் 7.8 அளவு நிலநடுக்கம், ஏறக்குறைய 9,000 சாவு. மறுகட்டுமான ஆணையம் வேலையைத் தொடங்கவே டிசம்பர் ஆகிவிட்டது, குளிர் முன்னாலேயே வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று லட்சம் நேப்பாள ரூபாய், மூன்று தவணையாக: முதலில் 50,000, அஸ்திவாரத்தைப் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்டால் 150,000, சுவர் எழும்பிய பிறகு 100,000. வீட்டுக்காரரே கட்டுவார், கொத்தனாருக்குப் பயிற்சி உண்டு. இந்த முறை எனக்குப் பிடிக்கும். அடுத்த நிலநடுக்கத்துக்குத் தேவையான கம்பியும் பட்டியும் சுவருக்குள் போனதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துவிடலாம். குறையும் உண்டு. அந்தப் பணத்துக்குள் அடக்க வேண்டும் என்று ஒற்றை அறை வீடு கட்டிவிட்டு, விரிசல் விட்ட பழைய வீட்டிலேயே சமைத்துத் தூங்கியவர்கள் நிறையப் பேர்.

குஜராத்தின் பூஜ் நகரத்தில் சிக்கல் வேறு. 2001 ஜனவரி 26 காலை நிலநடுக்கம். கோட்டைச் சுவருக்குள் இருந்த பழைய ஊரில் சந்துகள் அவ்வளவு குறுகல், ஓடி வந்தவர்கள் மேலேயே இரண்டு பக்க வீடுகளும் விழுந்தன. மீட்பு வண்டியும் உள்ளே போக முடியவில்லை. அதனால் சாலையை அகலப்படுத்தியே ஆக வேண்டும். அந்த நிலத்தை யார் கொடுப்பது? சாலையோரத்துக்காரர் மட்டும் இழக்காமல், பேட்டையின் மனைகளை எல்லாம் சேர்த்து மறுபடி பிரித்தார்கள். பெரிய மனைக்காரர் அதிக விகிதம் விட்டுக்கொடுக்க வேண்டும், மிகச் சின்ன மனையில் கைவைக்கவில்லை. சண்டை இல்லாமல் நடக்கவில்லை, கூட்டம் கூட்டமாகப் பேசித்தான் முடித்தார்கள். ஆனால் பழைய ஊர் பழைய இடத்திலேயே, மூச்சு விடுகிற தெருக்களோடு திரும்பி வந்தது.

திரும்பிப் போகவே கூடாத நிலமும் உண்டு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி 22-ல் 185 பேர் இறந்தார்கள். கிழக்குப் பேட்டைகளில் ஈரமணல் குழம்பாகி, வீட்டுத் தரையைப் பிளந்துகொண்டு சாம்பல் நிறச் சேறாக மேலே பொங்கியது. அப்படிப்பட்ட நிலத்தில் ஏறக்குறைய எட்டாயிரம் வீடுகளை அரசாங்கமே விலைக்கு வாங்கி இடித்துவிட்டது. இன்றைக்கு ஆற்றோரமாகப் புல்வெளி, நடுநடுவே ஒரு காலத்தில் வீட்டுத் தோட்டமாக இருந்த பழமரங்கள். அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். கடலைத் தூர்த்த நிலத்தில் வேலை பார்த்திருக்கிறேன், தண்ணீர் ஊறிய மணல் ஆடினால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

நமக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 2015 ஜூன் 5-ல் சபா ரானாவில் 6.0 அளவு நடுக்கம் வந்து கினபாலு மலையில் 18 பேர் போனார்கள். கட்டடங்களுக்கான நிலநடுக்க விதிக்கு மலேசியா தன் தேசிய இணைப்பை வெளியிட்டது 2017-ல்தான். அதற்கு முன் கட்டிய வீடுகளில்தான் நம்மில் பெரும்பாலோர் தூங்குகிறோம். சுமத்ராவில் பெரிதாக ஆடும்போதெல்லாம் பினாங்கு அடுக்குமாடிகளில் விளக்கு ஊசலாடுவதைப் பார்க்கிறோம். நிலநடுக்கமே இல்லாமல், 1993 டிசம்பர் 11-ல் அம்பாங்கில் ஹைலண்ட் டவர்ஸின் ஒரு பிளாக் மண்சரிவில் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். விழாத மற்ற இரண்டு பிளாக்குகளும் பல வருடம் ஆளில்லாமல், செடி முளைத்து நின்றன. ஒரு வளாகத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு நகரத்துக்கு?

கோபேக்குப் பிறகு ஜப்பானில் 'முன்கூட்டிய மறுசீரமைப்பு' என்று ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஊர் இடிவதற்கு முன்பே, இடிந்தால் யார் எங்கே தங்குவது, எந்தத் திடலில் தற்காலிக வீடு போடுவது என்று பேட்டைவாசிகள் தெருத் தெருவாக நடந்து, வரைபடத்தில் குறித்துப் பயிற்சி எடுக்கிறார்கள். இதற்கு நிபுணர் வேண்டாம், மேசையும் பேனாவும் போதும்.

அக்கா மகள் போன பிறகு நான் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து எங்கள் மாடியில் இருக்கிற 16 கதவையும் எழுதினேன். ஒன்பது வீட்டுக்காரர் பேர் தெரிந்தது. மற்ற ஏழும் வாடகை வீடு. இரண்டு வீட்டில் நேப்பாளத் தொழிலாளர்கள், ஒன்றில் மியன்மாரின் கச்சின் மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த பர்மாக் குடும்பம். மறுநாள் சாயங்காலம் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். பேர், எத்தனை பேர், மருந்து சாப்பிடுகிற வயதானவர் யார், ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும். பர்மாக்காரர் டீ போட்டுக் கொடுத்தார். மண்டலேயில் அவருடைய சித்தப்பா வீடு இருந்த இடத்தைப் போனில் காட்டினார். செங்கல் குவியலுக்கு நடுவே ஒரு மூலையில் மட்டும் நீல ஓடு தெரிந்தது.